பெயரைக் கேட்பதா, வேலையைப் பார்ப்பதா?



உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ உள்ள கணிப்பொறியின் அமைப்பு விவரப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அதில் 'செயலி' என்று ஒரு வரி இருக்கும். இன்ன நிறுவனம், இன்ன வரிசை, இன்ன எண், இத்தனை கிகாஹெர்ட்ஸ் என்று நீண்ட பெயர் ஒன்று அங்கே காணப்படும். அந்த வரியை எழுதியது யார்? செயலியா? கணிப்பொறியைப் பூட்டித் தந்த கம்பெனியா? விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்கு தளமா? இந்தக் கேள்வியைப் பெரும்பாலோர் கேட்பதே இல்லை. திரையில் எழுத்தாக வந்துவிட்டால் அது உண்மையாகத்தான் இருக்க வேண்டும் என்று எடுத்துக்கொள்கிறோம்.

இயற்பியல் ஆய்வகத்தில் நாம் இப்படி நடந்துகொள்வதில்லை. வோல்ட்மீட்டரின் முள் 3 வோல்ட் காட்டினால், அது பூச்சியத்திலிருந்துதான் கிளம்பியதா என்று பார்க்கிறோம். வெர்னியர் அளவியில் பூச்சியப் பிழையைப் பார்க்காமல் அளவெடுத்தால் ஆசிரியர் விடுவாரா? கணிப்பொறி காட்டும் செயலியின் பெயரும் அத்தகைய ஓர் அளவீடே என்பது என் கருத்து. அளவீடு என்றால் அதில் பிழை வரலாம். பிழை எங்கிருந்து வந்தது என்று தேடிக் கண்டுபிடிக்கவும் முடியும்.

இதை வீண் ஆராய்ச்சி என்று நினைக்க வேண்டாம். ஒரு விவசாயக் குடும்பத்தின் பணம் இந்த ஒரு வரியில் சிக்கிக்கொண்டதை நான் நேரில் கண்டிருக்கிறேன்.

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் வளப்பூர் நாடு என்று ஓர் ஊராட்சி உண்டு. அறப்பளீசுவரர் கோயிலும் ஆகாய கங்கை அருவியும் இருக்கும் பகுதி என்றால், சுற்றுலா சென்ற மாணவர்களுக்கு நினைவுக்கு வரும். மிளகு, காப்பி, அன்னாசி, சாமை விளையும் மலை அது. அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி மேலே போக வேண்டும். கணிப்பொறி பழுதாகிவிட்டால் அதைத் தூக்கிக்கொண்டு அத்தனை வளைவுகளும் இறங்க வேண்டும்!

சில ஆண்டுகளுக்கு முன்பு, அறிவியல் செய்முறை விளக்கத்துக்காக நான் அங்கே சென்றிருந்தேன். பிளஸ் ஒன் படிக்கும் மாணவி ஒருத்தி தன் தந்தையுடன் வந்து நின்றாள். மிளகு விற்ற பணத்தில், சமவெளியில் உள்ள ஒரு கடையில், பழைய மேசைக் கணிப்பொறி ஒன்றை வாங்கியிருந்தார்கள். பெட்டியின் மேல் 'ஐ-7, நான்காம் தலைமுறை' என்று ஒட்டுத்தாள். திரையிலும் அதே பெயர். ஆனால் அவள் பயில விரும்பிய ஒரு நிரல், 'ஏவிஎக்ஸ்-2 வசதி இல்லாத செயலியில் நான் ஓடமாட்டேன்' என்று மறுத்துவிட்டது. நான்காம் தலைமுறை ஐ-7 செயலியில் அந்த வசதி கட்டாயம் உண்டு!

"சார், ஐ-7னு விண்டோஸே சொல்லுது. அப்ப அந்த புரோகிராமிலதானே தப்பு இருக்கணும்?" என்று கேட்டாள்.

நல்ல கேள்வி. இரண்டு சாட்சிகள் முரண்படுகின்றன. ஒருவர் பெயரைச் சொல்கிறார். மற்றவர் வேலையைக் கொடுத்துப் பார்த்துவிட்டு 'இவரால் ஆகாது' என்கிறார். யாரை நம்புவது? இதற்கு விடை காணுமுன், ஒரு செயலி தன்னைப் பற்றி எப்படிச் சொல்கிறது என்று தெரிந்துகொள்வோம்.

தொடக்கத்தில் செயலிகளுக்குத் தம் பெயர் தெரியாது. 1978இல் வந்த 8086, 1982இல் வந்த 80286, 1985இல் வந்த 80386 ஆகியவற்றிடம் 'நீ யார்?' என்று கேட்க ஓர் ஆணையே இல்லை. அப்படியானால் நிரல்கள் எவ்வாறு கண்டுபிடித்தன? நீங்கள் வேதியியல் ஆய்வகத்தில் உப்பைப் பகுத்தறியும் அதே முறையில்தான்! உப்பு தன் பெயரைச் சொல்வதில்லை. அமிலம் விட்டால் நுரைக்கிறதா, சுடரில் என்ன நிறம் காட்டுகிறது என்று பார்த்து முடிவுக்கு வருகிறோம் அல்லவா?

செயலிக்குள் 'கொடிப் பதிவகம்' என்று ஒரு சிறு பெட்டி இருக்கிறது. அதன் மேல் நான்கு இடங்களில் 0 எழுதிப் பார்ப்பார்கள். எழுதியது 0 ஆனாலும் திரும்பப் படிக்கும்போது நான்கும் 1 என்று வந்தால் அது 8086. அடுத்து 1 எழுதிப் பார்ப்பார்கள். எழுதியது நிற்காமல் 0 என்றே வந்தால் அது 80286. எழுதியது நின்றால் 80386 அல்லது அதற்கும் பிந்தியது. 18ஆம் பிட்டை மாற்ற முடிந்தால் 1989இல் வந்த 80486 என்று மேலும் பிரிப்பார்கள். சைரிக்ஸ் என்னும் நிறுவனத்தின் செயலியை அடையாளம் காண இன்னும் வேடிக்கையான வழி ஒன்று இருந்தது. 5ஐ 2ஆல் வகுக்கச் சொல்ல வேண்டும். விடை எல்லாச் செயலியிலும் ஒன்றுதான். ஆனால் வகுத்த பிறகு இன்டெல் செயலியில் சில கொடிகள் மாறியிருக்கும். சைரிக்ஸில் மாறாமல் அப்படியே இருக்கும். நடையைப் பார்த்து ஆளை அடையாளம் சொல்வது போல! எனக்கு இந்தச் சோதனைகளின் மேல் தனிப் பிரியம் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை.

1993இல் பென்டியம் வந்தபோது நிலைமை மாறியது. 'சிபியு-ஐடி' என்னும் ஓர் ஆணையைச் செயலிக்குள்ளேயே வைத்தார்கள். 0 என்ற எண்ணுடன் கேட்டால் நிறுவனத்தின் பெயரை 12 ஆங்கில எழுத்துகளில் சொல்லும். இன்டெல் செயலி 'ஜெனுயின் இன்டெல்' என்னும். ஏஎம்டி செயலி 'அதென்டிக் ஏஎம்டி' என்னும். இரண்டுமே 'அசல் நான்தான்' என்று சத்தியம் செய்கின்றன பாருங்கள்! 1 என்ற எண்ணுடன் கேட்டால் குடும்ப எண், மாடல் எண் போன்ற விவரங்கள் வரும். பின்னாளில், முழுப் பெயரையும் 48 எழுத்துகளுக்குள் சொல்லும் வசதி சேர்ந்தது. இயங்கு தளம் காட்டும் நீண்ட பெயர் இந்த 48 எழுத்துகளிலிருந்து வருவதே.

செயலியே சொல்கிறது என்றால் பிழை எப்படி வரும்? பெயர் உங்கள் கண்ணுக்கு வந்து சேர்வதற்குள் பல கைகள் மாறுகிறது. சில ஏஎம்டி செயலிகளில் அந்தப் பெயரையே கணிப்பொறியின் பயாஸ் நிரல்தான் எழுதி வைக்க வேண்டும். செயலி புதிது, பயாஸ் பழையது என்றால், 'மாடல் தெரியவில்லை' என்ற பொருள்படும் சொற்கள் திரையில் வரும். பயாஸைப் புதுப்பித்தால் சரியாகிவிடும். ஒரு கணிப்பொறிக்குள் இன்னொரு கணிப்பொறி இருப்பது போல் நடிக்கும் மாய எந்திரங்களில், கேள்விக்கும் செயலிக்கும் நடுவே ஒரு நிரல் நின்றுகொண்டு தான் விரும்பிய விடையைத் தரும். ஆப்பிள் நிறுவனம் 2020இல் தன் சொந்தச் செயலிக்கு மாறியபோது, பழைய இன்டெல் நிரல்களை ஓட்டும் மொழிபெயர்ப்பு ஏற்பாட்டில் செயலியின் பெயரை 'வர்ச்சுவல் ஆப்பிள்' என்று சொல்ல வைத்தது. நடிப்பதை ஒளிக்காமல் சொன்ன நடிகர்!

இனி விண்டோஸுக்கு வருவோம். அது ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் செயலியிடம் பெயரைக் கேட்டு, 'ரெஜிஸ்ட்ரி' என்னும் தன் பதிவுப் புத்தகத்தில் புதிதாக எழுதிக்கொள்கிறது. அமைப்பு விவரப் பக்கம் அந்தப் புத்தகத்தைப் பார்த்துப் படிக்கிறது. செயலியிடம் மறுபடி கேட்பதில்லை. எழுதியதற்கும் படிப்பதற்கும் இடையே, மேலாளர் உரிமை உள்ள எந்த நிரலும் அந்த வரியைத் திருத்திவிடலாம். கணிப்பொறியை அணைத்து ஏற்றினால் திருத்தம் அழிந்துவிடும். ஆனால் ஒவ்வொரு முறையும் தானாக ஓடித் திருத்தும்படி ஒரு சிறு நிரலை ஒளித்து வைத்தால்?

வளப்பூர் நாட்டுக் கணிப்பொறியில் நடந்தது அதுவே. "சேஃப் மோடில் ஏற்றிப் பாரம்மா" என்றேன். அந்த முறையில் விண்டோஸ், தன் அத்தியாவசிய வேலைகளைத் தவிர, தானாக ஓடும் மற்ற நிரல்களைப் பெரும்பாலும் ஓடவிடாது. ஏற்றினாள். ஐ-7 என்ற பெயர் மறைந்து, இரண்டாம் தலைமுறை ஐ-3 என்ற பெயர் அந்த இடத்தில் வந்தது.

இதோடு முடிந்ததா? இல்லை. ஒரு பெயர் இன்னொரு பெயரைப் பொய்யாக்கியிருக்கிறது, அவ்வளவுதான். இரண்டாவது பெயர் மட்டும் உண்மை என்று எப்படிச் சொல்வது? ஆகையால் வேறு சாட்சிகளைத் தேடினோம். என் பையில் லினக்ஸ் ஏற்றிய பென் டிரைவ் ஒன்று இருந்தது. அதிலிருந்து கணிப்பொறியைக் கிளப்பி, செயலி விவரங்களைப் பட்டியலிடும் ஆணையை அவளையே தட்டச்சு செய்யச் சொன்னேன். குடும்பம் 6, மாடல் 42 என்று வந்தது. மாடல் 42 என்பது 2011இல் வெளிவந்த இரண்டாம் தலைமுறையின் எண். நான்காம் தலைமுறை மேசைக் கணிப்பொறிச் செயலியானால் 60 என்று வந்திருக்க வேண்டும். ஆனால் 42 என்பது தலைமுறையை மட்டுமே சொல்லும். ஐ-3ஆ, ஐ-7ஆ என்று பிரித்துச் சொல்லாது. அதற்குக் கோர்களை எண்ணினோம். இரண்டு. மேசைக் கணிப்பொறிக்கான ஐ-7 எதிலும் நான்குக்குக் குறைந்த கோர்கள் கிடையாது. கடைசியாக, வசதிகளின் பட்டியலில் 'ஏவிஎக்ஸ்-2' இருக்கிறதா என்று அவள் விரலை வைத்துத் தேடினாள். இல்லை. நிரல் சொன்னது நிஜம்; பெயர் சொன்னது பொய்.

அவளுடைய தந்தை இவ்வளவு நேரமும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். "மூட்டையில என்ன எழுதியிருந்தா என்னங்க சார், வெதச்சுப் பாத்தாத் தெரிஞ்சுபோகுதுங்க" என்றார். கொல்லிமலையில் சாமையிலேயே வெள்ளைப்பெருஞ்சாமை, கட்டவெட்டிச்சாமை, மல்லியச்சாமை என்று பல வகைகள் உண்டு. எத்தனை நாளில் கதிர் பிடிக்கிறது, தாள் எவ்வளவு உயரம் போகிறது, மணி என்ன நிறம் என்று பார்த்துப் பார்த்து வகை பிரிப்பவர்களுக்கு, செயலியைச் சோதிக்கும் முறையைத் தனியே விளக்க வேண்டியிருக்கவில்லை. மாணவி கண்டதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டாள். அந்தத் தாளோடு அவர்கள் கீழே இறங்கிப் போனார்கள்; கடைக்காரர் விலையில் ஒரு பகுதியைத் திருப்பித் தந்தார் என்று பின்னர் அறிந்தேன். பழைய கணிப்பொறி பல கைகள் மாறி வருவது. பொய்ப் பெயரை ஒட்டியவர் அவராகவே இருக்க வேண்டும் என்பதில்லை.

இதைப் படித்துவிட்டு உங்கள் கணிப்பொறியைத் திறந்து பார்த்து, 'ஐயோ, ஏமாந்துவிட்டோம்' என்று பதறிவிடாதீர்கள்! பிழை போலத் தோன்றுபவற்றில் பல பிழைகளே அல்ல. 2.4 கிகாஹெர்ட்ஸ் என்று வாங்கிய செயலி 800 மெகாஹெர்ட்ஸ் என்று காட்டினால், வேலை இல்லாத நேரத்தில் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க அது மெதுவாக நடக்கிறது என்று பொருள். இரண்டு கோர் வாங்கியிருக்க, நான்கு என்று காட்டினால், ஒவ்வொரு கோரும் இரண்டு வேலை வரிசைகளை ஏற்கும் வகை அது. செயலி 64 பிட் ஆக இருந்தும் 32 பிட் என்று காட்டினால், ஏற்றியிருக்கும் இயங்கு தளம் 32 பிட் என்று பொருள்.

வேகத்தைப் பற்றிச் சொல்லும்போது ஓர் இயற்பியல் ஆசிரியனால் சும்மா இருக்க முடியவில்லை. வேகத்தைக் கண்டறிய, பெயரில் எழுதியிருக்கும் எண்ணை மட்டும் இயங்கு தளம் நம்புவதில்லை, அளந்தும் பார்க்கிறது. எப்படி? பென்டியம் காலத்திலிருந்து செயலிக்குள் ஒரு துடிப்பு எண்ணி இருக்கிறது. கணிப்பொறியின் பலகையில் செயலியைச் சாராத தனிக் கடிகாரங்களும் உண்டு. அவற்றில் ஒன்று நொடிக்கு 11,93,182 முறை துடிக்கும். இந்த விசித்திரமான எண் எங்கிருந்து வந்தது தெரியுமா? அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சிக்குத் தேவையான அலைவெண்ணின் 4 மடங்கான 14.31818 மெகாஹெர்ட்ஸ் குவார்ட்ஸ் படிகத்தை ஐபிஎம் நிறுவனம் 1981இல் தன் கணிப்பொறியில் வைத்தது. அதை 3ஆல் வகுத்துச் செயலிக்கு 4.77 மெகாஹெர்ட்ஸ் கொடுத்தார்கள்; 12ஆல் வகுத்துக் கடிகாரத்துக்குக் கொடுத்தார்கள். அந்தப் பழைய எண் இன்றைய கணிப்பொறிகளிலும் தொடர்ந்து வருகிறது.

இயங்கு தளம் தனிக் கடிகாரத்தைப் பார்த்து, எடுத்துக்காட்டாக 0.05 நொடி காத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் செயலியின் எண்ணி 12 கோடி முன்னேறியிருந்தால் வேகம் 2.4 கிகாஹெர்ட்ஸ். நாடியைப் பிடித்துக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பார்க்கும் மருத்துவர் செய்வதும் இதைத்தானே? தனி ஊசலில் ஓர் அலைவுக்குப் பதில் 20 அலைவுகளுக்கு நேரம் எடுக்கிறோம். இங்கும் நீண்ட நேரம் எண்ணினால் துல்லியம் கூடும். பெயரில் 2.40 என்றும் அளவில் 2.39 என்றும் வந்தால் கலங்க வேண்டாம். அடிப்படைத் துடிப்பு 100 மெகாஹெர்ட்ஸுக்குப் பதில் 99.8 ஆக இருந்தால், அதன் 24 மடங்கு 2395 தானே? இங்கே உண்மைக்கு அருகில் இருப்பது அளந்த எண்.

இயங்கு தளத்தை எழுதியவர்களே பெயரையும் சோதனையையும் இப்படி இரண்டு சாட்சிகளாக வைத்திருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். ஆனால் எல்லா நிரல்களும் இப்படி நடந்துகொள்வதில்லை. பெயரை மட்டும் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தும் நிரல்கள் உண்டு. என் சண்டை அவற்றோடுதான்.

1990களின் நடுவில் சைரிக்ஸ் நிறுவனம் 6எக்ஸ்86 என்னும் செயலியை வெளியிட்டது. பென்டியத்தோடு போட்டியிட வந்த செயலி அது. ஆனால் அதன் சிபியு-ஐடி ஆணை, வெளிவரும்போதே அணைத்து வைக்கப்பட்டிருந்தது. பெயர் சொல்லத் தெரியாததால் பல நிரல்கள் அதைப் பழைய 486 என்று முடிவு கட்டின. நல்ல ஓட்டக்காரன், பதிவேட்டில் பெயர் இல்லாததால் பந்தயத்துக்கு வெளியே நிறுத்தப்பட்ட கதை இது.

அடுத்தது இதைவிடப் பெரிய வழக்கு. நாம் எழுதும் நிரலைச் செயலியின் மொழிக்கு மாற்றித் தருவது கம்பைலர். இன்டெல் நிறுவனத்தின் கம்பைலர் உருவாக்கிய நிரல்கள், செயலி 'ஜெனுயின் இன்டெல்' என்று சொன்னால் வேகமான பாதையிலும், வேறு பெயர் சொன்னால், அதே வசதிகள் இருந்தபோதிலும், மெதுவான பாதையிலும் சென்றன. டென்மார்க்கைச் சேர்ந்த ஆக்னர் ஃபாக் என்னும் ஆசிரியர் இதை ஆராய்ந்து எழுதினார். 2008இல் வியா நிறுவனத்தின் நானோ செயலியில் ஒரு சோதனை நடந்தது. அந்தச் செயலி தன் நிறுவனப் பெயரை மாற்றிச் சொல்ல இடம் தந்தது. பெயரை மட்டும் 'ஜெனுயின் இன்டெல்' என்று மாற்றி, வேறெதையும் தொடாமல், வேகம் காணும் ஒரு நிரலை ஓட்டினார்கள். நினைவகத்துக்கான மதிப்பெண் ஏறத்தாழ 47 விழுக்காடு உயர்ந்துவிட்டது! சிலிக்கன் அதே சிலிக்கன்தான். பெயர்ப் பலகை மட்டும் மாறியது. 2009 டிசம்பரில் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் இன்டெல் மீது தொடுத்த வழக்கில் இந்தக் கம்பைலர் விவகாரமும் இடம்பெற்றது. 2010 ஆகஸ்டில் உடன்பாடு ஏற்பட்டது. கம்பைலர் இவ்வாறு வேறுபாடு காட்டக்கூடும் என்று வெளிப்படையாக அறிவிக்கவும், பாதிக்கப்பட்ட நிரலாளர்களுக்காக 1 கோடி டாலர் நிதி ஒதுக்கவும் இன்டெல் ஒப்புக்கொண்டது.

அண்மைக் காலத்து எடுத்துக்காட்டும் நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. 2021இல் வந்த விண்டோஸ் 11, ஏற்கத்தக்க செயலிகளின் பெயர்ப் பட்டியல் ஒன்றோடு வந்தது. இன்டெல் செயலிகளில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையும் மட்டுமே அதில் இடம்பெற்றன. விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துபோயிற்று. அதனால் நன்றாக ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ கணிப்பொறிகள் பட்டியலில் பெயர் இல்லை என்பதால் தகுதி இழந்தன. அதே விண்டோஸ் 11இன் 2024 பதிப்பில் வேறு வகையான நிபந்தனை ஒன்று சேர்ந்தது. ஓர் எண்ணில் எத்தனை 1கள் உள்ளன என்று எண்ணும் 'பாப்கவுன்ட்' போன்ற சில ஆணைகள் செயலிக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் தளம் கிளம்பாது. இந்த இரண்டாம் வகை நிபந்தனையை நான் குறை சொல்லமாட்டேன். 'மரம் ஏறத் தெரியுமா?' என்று கேட்பது நியாயம். 'நீ இன்னாருடைய மகனா?' என்று கேட்பது அப்படியா?

பெயரே வேண்டாம் என்று நான் வாதாடுவதாக எண்ணிவிடாதீர்கள். 'இத்தனை செயலிகளில் சோதித்துப் பார்த்தோம், இவற்றுக்கு மட்டுமே உத்தரவாதம் தருகிறோம்' என்று ஒரு நிறுவனம் சொல்வதில் நேர்மை உண்டு. சில குறைபாடுகளைச் சோதித்துக் காண்பது கடினம். மாடல் எண்ணை வைத்துத்தான் பிரித்தறிய முடியும். 2018இல் வெளியான 'மெல்ட்டவுன்', 'ஸ்பெக்டர்' என்னும் பாதுகாப்புக் குறைகளுக்கு எந்தெந்தச் செயலி இலக்காகும் என்பதை லினக்ஸ் பெரும்பாலும் மாடல் எண்களின் பட்டியலைப் பார்த்தே முடிவு செய்கிறது. ஆகவே பெயர் ஒரு சாட்சி. அது மட்டுமே தீர்ப்பு ஆகிவிடக் கூடாது.

பெயர் முற்றிலும் சரியாக இருந்தும் பயனில்லாமல் போன சம்பவமும் உண்டு. 1994இல் அமெரிக்காவின் லிஞ்ச்பர்க் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி, தன் கணக்குகளில் வந்த சிறு முரண்பாட்டைத் துரத்திக்கொண்டே போய், குற்றவாளி பென்டியம் செயலியின் வகுத்தல் பகுதி என்று கண்டுபிடித்தார். 41,95,835ஐ 31,45,727ஆல் வகுத்தால் 1.333820 வர வேண்டும். குறையுள்ள பென்டியம் 1.333739 என்றது. பெட்டியில் எழுதியிருந்ததும் பென்டியம், திரையில் வந்ததும் பென்டியம், உள்ளே இருந்ததும் பென்டியம். வகுத்துப் பார்த்தால் மட்டுமே குறை தெரிந்தது! அந்தச் செயலிகளை மாற்றித் தருவதற்காக இன்டெல் 47.5 கோடி டாலர் ஒதுக்க நேர்ந்தது. லினக்ஸ் கிளம்பும்போது இதே இரண்டு எண்களை வைத்து வகுத்துப் பார்க்கும் சோதனை ஒன்றை அதில் சேர்த்தார்கள். நீங்களும் உங்கள் கணிப்பொறியில் வகுத்துப் பாருங்களேன்.

இவ்வளவு வற்புறுத்திச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யில் 'சக்தி' என்னும் செயலி வரிசை உருவாகியிருக்கிறது. 2018இல் அதன் சிப் ஒன்று நம் நாட்டிலேயே, சண்டிகருக்கு அருகில் உள்ள செமிகண்டக்டர் ஆய்வகத்தில், வார்க்கப்பட்டது. அது 'ரிஸ்க்-5' என்னும் திறந்த விதிமுறையைப் பின்பற்றுகிறது. அந்த விதிமுறையில் செயலியின் விற்பனையாளர் எண்ணுக்கு ஒரு பதிவகம் உண்டு. வணிக நோக்கமற்ற செயலிகள் அதில் வெறும் 0 என்று விடையளிக்கலாம். இன்னொரு பதிவகத்தில் ஆங்கிலத்தின் 26 எழுத்துகளுக்கும் தலா ஒரு பிட் இருக்கிறது. பெருக்கல் தெரிந்தால் 'எம்', தசம எண் கணக்கு தெரிந்தால் 'எஃப்' என்று திறமைகளை அங்கே குறித்து வைக்கலாம். யாருடைய மகன் என்ற கேள்விக்கு 0. என்னென்ன தெரியும் என்ற கேள்விக்கு முழு விடை! நாளை நம் ஊர்ச் செயலி ஒன்று மேசைக்கு வரும்போது, அறிமுகமான இரண்டு பெயர்களுக்கு மட்டும் கதவு திறக்கும் நிரல்கள் எங்கும் நிறைந்திருந்தால் அதன் கதி என்ன? அந்த நிரல்களை எழுதப்போகிறவர்கள் இன்று உயர்நிலைப் பள்ளியில் இருக்கும் நீங்கள் அல்லவா?

ஆனால் நாம் உங்களுக்கு எதைக் கற்பிக்கிறோம்? செயலிகளின் பெயர்களையும் அவை வந்த ஆண்டுகளையும் மனப்பாடம் செய்யச் சொல்கிறோம். பெயரை எழுதினால் மதிப்பெண். அந்தப் பெயர் சரியா என்று சோதிக்கத் தெரிந்தவருக்கு மதிப்பெண் இல்லை. மேல்நிலைப் பள்ளிக் கணிப்பொறி ஆய்வகத்தில் 'அறியாத செயலியைக் கண்டறிதல்' என்று ஒரு செய்முறையைச் சேர்க்க வேண்டும் என்பது என் யோசனை. அறியாத உப்பைத் தருவது போல் அறியாத கணிப்பொறி ஒன்றைத் தர வேண்டும். இடப்பக்கம் 'காண்பது', வலப்பக்கம் 'அறிவது' என்று அதே அட்டவணை போதும். இயங்கு தளம் காட்டும் பெயர், பயாஸ் காட்டும் பெயர், லினக்ஸில் தெரியும் குடும்ப எண், மாடல் எண், கோர்களின் எண்ணிக்கை, வசதிப் பட்டியல், அளந்த வேகம், மேலே சொன்ன வகுத்தலின் விடை ஆகியவற்றை மாணவர் ஒவ்வொன்றாக எழுதட்டும். எவை ஒத்துப்போகின்றன, எது முரண்படுகிறது, முரண்பட்டதற்குக் காரணம் என்ன என்று கடைசியில் ஒரு பத்தி எழுதட்டும்.

இதற்குப் புதிய கணிப்பொறி வேண்டியதில்லை, பழையதே உகந்தது. 2011இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த பெட்டிகள் பல வீடுகளில் இன்னும் கிடக்கின்றன. அக்காலத்தில் தரப்பட்டவற்றில் விண்டோஸோடு, சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் ஏற்றப்பட்டிருந்தது. ஒரே செயலியிடம் இரண்டு இயங்கு தளங்கள் தனித்தனியே கேட்டு எழுதிய விடைகளை ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட நல்ல கருவி கிடைக்காது. மற்றபடி ஆகும் செலவு ஒரு பென் டிரைவின் விலைதான். ஆசிரியர் முன்கூட்டியே செய்ய வேண்டிய வேலையும் ஒன்று உண்டு: பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் பெயர்த் தாளைக் கிழித்துவிட வேண்டும்.